கனியின் பத்து நகங்கள்

இடது கை சுண்டு விரலில் ஆரம்பிக்க வேண்டும். அங்கிருந்து பெருவிரல் வரைக்கும், அப்புறம் வலது கை. அப்படித்தான் ரெக்ஸி மிஸ் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மிஸ் என்று கூப்பிட்டாலும் அந்தப் பிள்ளைக்கு இருபத்தாறு வயசுதான், எனக்கு நாற்பத்தாறு, ஆறு மாசமாக இந்தப் பார்லரில் நகம் ஒட்டவும் பூச்சுப் பூசவும் எனக்கு அதுதான் வாத்தியார். பத்து நகத்துக்கு ஒன்றரை மணி நேரம். மதுரையிலிருந்து வந்திருக்கிற பரீட்சை மேடம் சோபாவில் இருந்துகொண்டு மடியில் ஒரு அட்டையை வைத்து எழுதுகிறது, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பேனாச் சத்தம் மட்டும் கேட்கிறது, நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே அதற்குள் என்ன எழுதுகிறது. எனக்கு எதிரே, மேஜைக்கு அந்தப் பக்கம், என் தம்பி பெண்டாட்டி கனி. பரீட்சைக்கு ஆளுக்கு ஒரு மாடல் கூட்டி வர வேண்டும், பத்து விரலையும் நம்மிடம் கொடுத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் சும்மா இருக்கிற ஒரு ஆள், இந்தத் தூத்துக்குடியில் எனக்கு அப்படி யார் இருக்கிறார்கள், இவளைத்தான் கேட்டேன், வருகிறேன் என்றாள், நான் எதிர்பார்க்கவில்லை. பதினாறு வருஷம் ஒரே வீட்டில் ஒரே குடத்துத் தண்ணீர் குடித்திருக்கிறோம், இவள் கையை நான் இதுவரைக்கும் பிடித்ததில்லை. இவ்வளவு சின்னக் கையா இது. "என்ன மதினி, வளையக்காரன் மாதிரி அமுக்கி அமுக்கிப் பாக்கிய" என்கிறாள். பேசாம இரு கனி, மேடம் பார்க்கிறாங்க. "பாத்தா பாக்கட்டும், நானா பரீட்சை எழுதுதேன்." சரி, நகத்தின் மேல் மினுமினுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும், லேசாக, எலும்பு தெரிகிற மாதிரி அல்ல, தூசி தட்டுகிற மாதிரி. தேய்க்கிறேன். வெள்ளைப் பொடி பறக்கிறது. முகத்தில் மாஸ்க் இருக்கிறது, கையில் ஊதாக் கலர் கையுறை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி, இரண்டு ஜோடி போட்டிருப்பது யாருக்கும் தெரியாது. உள்ளே வியர்க்கிறது. விரல் நுனியெல்லாம் வெடித்து வாய் பிளந்து கிடக்கிறது, வியர்வை அதற்குள் இறங்குகிறது, முதலில் எரிச்சல், எரிச்சலுக்குப் பின்னால் அது, அந்த அரிப்பு. வரட்டும். இன்னும் வரவில்லை. நினைக்கக் கூடாது, நினைத்தால் வந்துவிடும்.

மோதிர விரல். இவளுக்கு மோதிரம் கிடையாது, மோதிரம் போட்ட தடம் மட்டும் இருக்கிறது. மஞ்சள் ஏறின நகம், ஓரமெல்லாம் அரிவாள்மனை கீறின கோடு. என் நகம் இதைவிட மோசம், இருபத்திரண்டு வருஷம் இறால் கம்பெனியில் ஐஸில் கிடந்த நகம், ஊறி ஊறி ஒரு நாள் சோற்றுப் பருக்கை மாதிரி தானாகக் கழன்று விழும், வலிக்காது, அப்புறம் ஒன்று முளைக்கும். அங்கே பெருவிரல் நகம்தான் கத்தி. தலையைத் திருகி எறிவதும் அதுதான், ஓட்டைப் பிளப்பதும் அதுதான், முதுகைக் கீறிக் கறுப்பு நூல் மாதிரி இருக்கிற குடலை அறாமல் இழுப்பதும் அதுதான். ஒரு இறாலுக்கு மூன்று அசைவு. கண் எங்கேயோ இருக்கும், வாய் யாரையோ வைதுகொண்டிருக்கும், நகம் தன் பாட்டுக்கு வேலை செய்யும். நாற்பத்தைந்து தாண்டினால் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சுறுசுறுப்பு இல்லையாம், அதற்குப் பிறகுதான் இந்தப் பார்லருக்குக் கூட்டிப் பெருக்க வந்தேன். ஒரு நாள் ஒரு பிள்ளைக்கு விரலில் கண்ணாடித் துணுக்கு ஏறிவிட்டது, ஆளாளுக்கு ஊசி தேடுகிறார்கள், நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பெருவிரல் நகத்தாலேயே எடுத்துவிட்டேன், அந்தப் பிள்ளைக்கு எடுத்ததே தெரியவில்லை. ரெக்ஸி மிஸ் என் கையைப் பிடித்துப் பார்த்தது. "பிரமு அக்கா, உங்க கை நடுங்கவே மாட்டேங்குதே, நகம் கத்துக்கிறீங்களா" என்றது. யாராவது என்னைப் பார்த்து ஒன்று கத்துக்கிறியா என்று கேட்டது அதுதான் முதல் தடவை. ஆறாம் வகுப்பில் என்னை நிறுத்தினபோது கூட யாரும் போறியா என்று கேட்கவில்லை, பையைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்கும் கேட்கவில்லை. கட்டின ஆள் கல்யாணமான ஏழாம் மாசம் பம்பாய்க்கு ரயில் ஏறினது, அதற்கும் யாரும் என்னைக் கேட்கவில்லை. கத்துக்கிறேன் மிஸ் என்றேன். கூடப் படிக்கிற நாலு சின்னப் பிள்ளைகளும் சிரித்தார்கள், சிரிக்கட்டுமே. "ஆயாம்மா, நெயில் ஆர்ட்டா" என்று ஒருத்தி கேட்டாள், ஆமாட்டி, உன் கல்யாணத்துக்கு நான்தான் போடப்போறேன், இடத்தைக் காலியா வை என்றேன். இப்போது அவர்கள் நாலு பேரும் வரிசையாக மற்ற மேஜையில் இருக்கிறார்கள், அவரவர் மாடலோடு, காலேஜ் பிள்ளைகளின் விரல் வெண்டைக்காய் மாதிரி நீள நீளமாக.

நீள நகத்தை ஒட்டியாயிற்று, இனி பூச்சு. அடிப்பூச்சு மெல்லிசாக, தோலில் படாமல், நகத்துக்கும் சதைக்கும் நடுவே ஒரு தலைமுடி அளவு இடம் விட வேண்டும். தோலில் பட்டுவிட்டால் விளக்குக்குள் விடுவதற்கு முன்னால் குச்சியை வைத்து எடுத்துவிட வேண்டும். குச்சியை வைத்து. அதுதான் எனக்கு வரவில்லை. முதல் இரண்டு மாசம் முழுக்கக் குச்சியை எடுக்க மறந்து என் பெருவிரல் நகத்தாலேயே வழித்தேன், அது தானாகப் போனது, நான் அனுப்பவில்லை, ஓரத்தில் என்ன வழிந்தாலும் கீறி எடுப்பது அதற்கு இருபத்திரண்டு வருஷத்து வேலை. "அக்கா குச்சி, அக்கா குச்சி" என்று மிஸ் கத்தும். அப்போது கையுறையும் போடவில்லை, கையுறை போட்டால் எனக்கு நகம் இருப்பதே தெரியாது. அப்படி நாளைக்கு நாற்பது தடவை, அறுபது தடவை, கூழ் மாதிரி இருக்கிற அந்த மருந்து என் நகத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தது. நடு விரல். கையை விளக்குக்குள் வை கனி. அறுபது எண்ணும், பீப் என்று சத்தம் கொடுக்கும், அதுவரை அசையாதே. நீலமாக வெளிச்சம் வருகிறது. கனி குனிந்து உள்ளே பார்க்கிறாள். "கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டி மாதிரி இருக்கு மதினி." அவள் அப்படிச் சொன்னதும் பக்கத்து மேஜைப் பிள்ளை சிரித்துவிட்டு மேடத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறாள். "மதினி, இந்த நீள நகத்த வச்சிக்கிட்டு நான் எப்படிக் கால் கழுவ?" மெதுவாப் பேசு. "மெதுவாத்தான் கேக்கேன். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க." விரலை மடக்காம விரலோட பக்கத்தை வச்சுக் கழுவணும் கனி. "ஆத்தாடி, அதுக்கும் ஒரு ட்ரெய்னிங்கா." சிரிப்பு வருகிறது, சிரித்தால் மாஸ்க் மேலே ஏறிக் கண் இமையில் படும், இமை வீங்கியிருக்கிறது, காலையில் இவள் பார்த்துவிட்டுக் கேட்டாள், என்ன மதினி கண்ணு இப்படி இருக்கு. பரீட்சை பயம், தூங்கலை என்றேன். நம்பினாள். நம்பின மாதிரி இருந்தாள்.

இரண்டாம் மாசக் கடைசியில்தான் முதலில் வந்தது. விரல் நுனியில் சின்னச் சின்னதாகத் தண்ணீர்க் கொப்புளம், ஜவ்வரிசி மாதிரி, அப்புறம் கழுத்து, அப்புறம் இமை, ஒரே ராத்திரியில் முகம் பூசணிக்காயாக ஊதிவிட்டது. காலையில் வாசல் தெளிக்க எழுந்தவளைக் கனி பார்த்தாள், வாளியைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். "மதினி, ஆத்தா வந்திருக்கா" என்றாள். சொன்ன விதத்தில் ஒரு பயம் இருந்தது, பயத்துக்குள் ஒரு மரியாதை. அரை மணி நேரத்தில் நிலையில் வேப்பிலை, என் படுக்கையில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது, என் தம்பி சுடலை செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வந்தான். பார்லருக்கு அம்மை என்று போன் பண்ணினார்கள், மிஸ் பயந்துபோய் முழுசாச் சரியான பிறகு வாங்கக்கா என்றது. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். அந்த வீட்டில் எனக்கு இடம் அடுப்படிக்கும் கக்கூஸுக்கும் நடுவில் ஒரு பாய் அளவு. அந்த ஒன்பது நாளும் நான் முன்அறையில் படுத்திருந்தேன், விசிறியின் அடியில். இளநீர் வந்தது. நுங்கு வந்தது. கனி என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொழுந்தால் என் கையைத் தடவிவிட்டாள், "என்ன வேணும் தாயி, என்ன வேணும் சொல்லு" என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். என்னை இல்லை என்று தெரியும், ஆனாலும் காதில் விழுந்தது என் காதுதானே. தம்பி மகள் செல்வி, போன தையில்தான் பெரிய மனுஷியானாள், அவள் தலையை வாரிக்கொண்டு வந்து என் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். நான் கண்ணை மூடிக்கொண்டு, வந்தது வந்திட்டே தாயே, ஒரு மாசம் இருந்துட்டுப் போ என்று வேண்டிக்கொண்டேன். ஐந்தாம் நாள், நான் தூங்குகிறேன் என்று நினைத்துக் கனி என் காலடியில் விழுந்தாள். "எறங்கிப் போயிரு தாயே" என்றாள். மெல்ல, யாருக்கும் கேட்காமல், காலைப் பிடித்துக்கொண்டு. "உனக்கு மாவிளக்கு எடுக்கேன், எறங்கிப் போயிரு." அம்மைக்கு அப்படித்தான் சொல்வார்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், ஏறின ஆத்தா இறங்க வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் எங்கே போனாலும் அந்தச் சொல் என்னோடு வருகிறது, பஸ்ஸில் ஏறினால், இறங்கினால், நகம் தேய்த்தால், எறங்கிப் போயிரு, யாரைச் சொன்னாள், யாரிடம் சொன்னாள், பெரிய மனுஷியான பிள்ளைக்கு உடுப்பு மாற்ற ஒரு மறைவு இல்லாத வீட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எறங்கிப் போயிரு என்று ஒருத்தி வேண்டினால், அதை அம்மன் கேட்டாளா நான் கேட்டேனா. மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாம் தண்ணீருக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை, துடைத்து வைத்த மாதிரி. கனி சொன்ன மாதிரியே மாவிளக்கு எடுத்தாள்.

பீப். எடு கையை. பெருவிரல் தனி, அதைக் கடைசியாக வைக்க வேண்டும், மற்ற நாலோடு சேர்த்து வைத்தால் சாயும், பூச்சு ஒரு பக்கமாக ஓடும். வந்துவிட்டது. என் இடது ஆள்காட்டி விரல் நுனியில், கையுறைக்குள், அது. அரிப்பு என்றால் சொறிந்தால் போகிற அரிப்பு இல்லை, சதைக்குள் எலும்புக்குப் பக்கத்தில் யாரோ உட்கார்ந்துகொண்டு ஊசியால் கோலம் போடுகிற மாதிரி. மேஜைக்கு அடியில் அழுத்திக்கொள்ளலாம், மேடம் பார்க்கும். கனியின் பெருவிரலை இறுக்கிப் பிடிக்கிறேன், அந்த அழுத்தத்தில் ஒரு நொடி குறைகிறது. "வலிக்கி மதினி." மன்னிச்சுக்கோ. அம்மை இறங்கிப் பார்லருக்குத் திரும்பின மூன்றாம் நாள் இதே அரிப்பு, இதே விரல். நான் உள்ளே போய் வாஷ்பேசினில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அம்மை ஒருத்திக்கு இரண்டு தடவை வராது. மூன்று வாரத்துக்குள் வரவே வராது. அப்போதுதான் முதல் வாரத்தில் மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது, போனில் படம் காட்டியது, யாருடையதோ விரல், வெடித்து, கொப்புளம் கட்டி, எல்லாரும் முகத்தைச் சுளித்தோம். "சில பேர் உடம்புக்கு இந்த ஜெல் ஆகாது. தோல்ல பட்டுப் பட்டு ஒரு நாள் உடம்பு இத எதிரின்னு எழுதி வச்சிரும். அப்புறம் அழிக்கவே அழிக்காது. கையுறை போட்டாலும் கொஞ்ச நேரத்துல உள்ள ஏறிரும். நாளைக்குப் பல்லுல அடைக்கிற மருந்துகூட அவங்களுக்கு ஆகாமப் போகலாம். போன பேட்ச்ல ஒரு பொண்ணுக்கு வந்துச்சு, அன்னைக்கே அனுப்பிட்டேன். திட்டிட்டுப் போச்சு. ஆனா அவ நல்லதுக்குத்தான்." நல்ல பிள்ளை ரெக்ஸி. நல்ல பிள்ளைகளிடம்தான் சொல்லவே முடியாது. கெட்டவளாக இருந்தால் சொல்லலாம், அவள் போனால் போகிறது வேலையைச் செய் என்பாள். இது அன்றைக்கே அனுப்பிவிடும், அழுதுகொண்டே அனுப்பும். அனுப்பினால் எங்கே போவேன். பாஸ் பண்ணினால் புதுக் கிளையில் எனக்கென்று ஒரு மேஜை, கடைக்கு மேலே மாடியில் ஒரு ரூம், சாவி என்னிடம், காலையில் கடை திறப்பது நான். அந்த ரூமை எனக்குக் காட்டிவிட்டது மிஸ். ஒரு ஜன்னல் இருக்கிறது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. நாற்பத்தாறு வருஷத்தில் நான் உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினதில்லை.

வலது கை. வலது கை சுண்டு விரல். மணி பன்னிரண்டு ஆகப் பத்து. கனியிடம் சொல்லலாமா. இந்தக் கையைப் பிடித்திருக்கும்போதே, குனிந்து, மெதுவாக, கனி அது அம்மை இல்லை. சொன்னால் என்ன ஆகும். அவள் மாவிளக்கு பொய், வேப்பிலை பொய், அந்த ஒன்பது நாள் பொய். இளநீரும் நுங்கும் ஒரு நெயில் பாலிஷுக்குக் கொடுத்ததாகிவிடும். அவளுக்குக் கோபம் வரும், அது போகட்டும், எனக்கே அந்த ஒன்பது நாளை விட மனசில்லை. மருந்து பட்டுத்தான் வந்தது என்று மூளைக்குத் தெரிகிறது, ஆனாலும் ராத்திரி அரிப்பில் விழித்துக்கிடக்கும்போது வாயில் தாயே என்றுதான் வருகிறது. நிறப்பூச்சு ஒன்று, விளக்கு. நிறப்பூச்சு இரண்டு. கனி தானே கலர் தேர்ந்தெடுத்தாள், மாதுளம்பழக் கலர், நான் கொடுக்காப்புளிக் கலர் எடுத்து வைத்திருந்தேன், "அது கெழவி கலரு மதினி" என்றாள். "செல்வி ஸ்கூல்ல இருந்து வந்து பாத்தா என்ன சொல்லும்" என்கிறாள் இப்போது, கையை விளக்கிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "உங்க தம்பி பாத்தா யார் கைன்னு கேப்பாவ." அவள் முகத்தில் இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்புறம், "மாடி ரூமு ரெடியாயிட்டா மதினி?" என்கிறாள். சுவரில் வெள்ளையடிக்கிறார்கள் என்றேன். "ஓகோ. நல்ல நாளாப் பாத்துப் பால் காய்ச்சணும். நான் வந்து காய்ச்சுதேன்." அன்பாகத்தான் சொல்கிறாள். அன்புதான். என் பாயை என்றைக்குச் சுருட்டுவேன் என்றும் கேட்கிறாள், அதுவும்தான், இரண்டும் ஒரே வாயில் ஒரே மூச்சில் வருகிறது, நான் எதைப் பிடித்துக்கொள்ள. மறுபடி விளக்கு. "ஸ்ஸ், சுடுது, சுடுது" என்று விளக்கிலிருந்து கையை உருவுகிறாள். கெட்டியாகும்போது சூடு ஏறும், பூச்சு கனமாகிவிட்டது, என் தப்பு. மேடத்தின் பேனாச் சத்தம். ஒரு மார்க் போயிருக்கும். இரண்டு போயிருக்கும். மறுபடி வை, ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன்ல.

மேல்பூச்சு. கடைசிப் பெருவிரல். நாலு நிமிஷம் இருக்கிறது. கை நடுங்காது என்று பெயர் வாங்கின கை இப்போது நடுங்கவில்லை, அரிப்பு ஐந்து விரலுக்கும் பரவி மணிக்கட்டு வரை ஏறிவிட்டது, ஆனாலும் நடுங்கவில்லை, அதுதான் ஆச்சரியம், உள்ளே ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறாள் வெளியே ஒருத்தி பூசிக்கொண்டிருக்கிறாள். பிரஷ்ஷில் கொஞ்சம் கூடிவிட்டது. ஓரத்தில் வழிகிறது. சதையில் இறங்குகிறது, இடது பக்கம், நகக்கண்ணுக்குள், மெல்ல, கண்ணாடி மாதிரி. குச்சி. குச்சி எங்கே. மேஜையில் இல்லை, மடியில் இல்லை, கீழே விழுந்திருக்கிறது, குனிந்தால் மேடம் பார்க்கும், கீழே விழுந்ததை எடுத்துப் பயன்படுத்தினால் பரீட்சை போச்சு. அப்படியே விளக்குக்குள் விட்டுவிடலாம், மேலே இருந்து பார்த்தால் தெரியாது, நாலு நாளில் ஓரம் தூக்கும் அவ்வளவுதான். ஆனால் இது தோல். கனியின் தோல். ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது, எனக்கு நாளைக்கு அறுபது தடவை என்று இரண்டு மாசம் ஆயிற்று, ஆனால் எந்த உடம்பு எத்தனையாவது தடவையில் எழுதி வைக்கும் என்று யார் கண்டது. இவள் முகமும் பூசணிக்காயாக ஊதினால் இவளுக்கு வேப்பிலை கட்ட யார் இருக்கிறார்கள், நான் மாடி ரூமில் தாழ்ப்பாள் போட்டுக் கிடப்பேன். என் பெருவிரல் போய்விட்டது. நான் அனுப்பவில்லை. இரண்டு கையுறைக்கு உள்ளே இருந்து நகம் ஓரத்தைக் கீறி ஒரே இழுப்பில் வழித்து எடுத்துவிட்டது, குடலை எடுக்கிற மாதிரி, அறாமல். சுத்தமாக. கையுறை இரண்டும் நுனியில் கிழிந்து, குளிர்ச்சியாக ஏதோ என் நகத்துக்கு அடியில் வெடிப்புக்குள் போகிறது. கனியின் விரலை விளக்குக்குள் வைக்கிறேன். அறுபது எண்ணுகிறேன். என் விரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொள்கிறேன். பீப்.

மேடம் எழுந்து வருகிறது. கனியின் ஒவ்வொரு விரலாகப் பிடித்து, சாய்த்து, வெளிச்சத்தில் பார்க்கிறது. நல்லா வந்திருக்கு என்கிறது, இந்த மூணாவது விரல்ல பூச்சு கொஞ்சம் கனம், மத்தபடி ஓரமெல்லாம் ரொம்ப சுத்தம், குச்சி இல்லாமலே எடுத்தீங்களே, அத நான் பாத்தேன், அப்படிச் செய்யக் கூடாது, ஆனா சுத்தம். பாஸ்னு வச்சுக்கோங்கம்மா. ரெக்ஸி மிஸ் பின்னால் நின்று இரண்டு கையையும் சேர்த்துக்கொள்கிறது. மேடம் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்து, சிவப்பு வெளிச்சம் எரிகிற கண்ணாடியைக் காட்டி, "கையுறையக் கழட்டிட்டு விரல வைங்க, உங்க ஆதாரோட சேந்தாத்தான் சர்டிஃபிகேட் ஏறும்" என்கிறது. நான் கையைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். "கழட்டுங்கம்மா." ஒரு ஜோடியைக் கழற்றினேன், அடியில் இன்னொரு ஜோடி, மேடம் புருவத்தைத் தூக்கியது. அதையும் கழற்றினேன். ஏசி காற்று விரலில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோலே இல்லை, சிவப்பாக, வழுவழுப்பாக, அங்கங்கே பிளந்து, ஒரு ரேகை வரி இல்லை. வைத்தேன். ஏற்கவில்லை என்கிறது மெஷின். அடுத்த விரல். ஏற்கவில்லை. துடைச்சிட்டு வைங்க. துடைத்துவிட்டு வைத்தேன். பத்து விரலையும் வைத்தேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு கொய்ங் சத்தம், கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, இந்தக் கை உன்னுடையது இல்லை என்று பத்துத் தடவை சொல்கிறது அந்தப் பெட்டி. ரெக்ஸி மிஸ் பக்கத்தில் வந்தது. என் விரலைப் பார்த்தது. அதன் முகம் மாறுவதை நான் பார்த்தேன், சொல்லிவிடப் போகிறேன், வாய் திறந்துவிட்டேன், சொல்லிவிட்டால் இந்த எரிச்சலாவது நிற்கும், யாராவது சொல்லச் சொன்னால் போதும், மிஸ் வாயைத் திறந்து "அக்கா, இது" என்றது, அதற்குள் கனி. "அது றால் கம்பெனி கையி மேடம்" என்கிறாள். நாற்காலியில் இருந்தபடியே, மாதுளம்பழ நகம் பத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, சர்வ சாதாரணமாக. "இருவத்திரண்டு வருசம் ஐஸ்ல கெடந்த கையி. ரேசன் கடையிலயும் இவ்வொளுக்கு ரேகை விழாது. அதுல இருந்தே தோலு அப்படித்தான் உரியும், பனி வந்தா கூடும்." பொய். ரேஷன் கடையில் போன மாசம் வரை விழுந்தது, இவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கனியைப் பார்க்கிறேன். அவள் என் விரலைப் பார்க்கிறாள், கொப்புளத்தை, ஜவ்வரிசியை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒன்பது நாளும் அவள் முகத்தில் ஒரு நொடியில் ஓடி மறைந்தது. என்னைக் காப்பாற்றினாளா, தள்ளிவிட்டாளா. அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. ரெக்ஸி மிஸ் அவளைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது. "அப்படியாக்கா? பழைய வேலையில வந்ததா?" என்று கேட்கிறது. ஆமாம் என்று தலை ஆடுகிறது. என் தலைதான்.

அப்போ கண்ணு வச்சிரலாம் என்று மேடம் இன்னொரு கருவியை எடுத்தது. மாஸ்க்கை இறக்கி, வீங்கின இமையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, அதற்குள் பார்த்தேன். உள்ளே ஒரு புள்ளி வெளிச்சம். முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. பிரமாச்சி, பெண், வயது நாற்பத்தாறு. எல்லாரும் கை தட்டினார்கள், அந்த நாலு பிள்ளைகளும். கனியால் தட்ட முடியவில்லை, நகம் இடிக்கும் என்று இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், பையைத் தோளில் மாட்டத் தெரியாமல், கதவைத் தள்ளத் தெரியாமல். பிள்ளைகளில் ஒருத்தி போய்த் திறந்துவிட்டாள். வாசலில் நின்று, "ராத்திரி சோறு எடுத்து வைக்கவா மதினி" என்றாள். அவள் அதைக் கேட்டு எத்தனை வருஷம் இருக்கும். எடுத்து வை என்றேன். போய்விட்டாள்.

"பன்னெண்டரைக்கு ஒரு கஸ்டமர் இருக்காங்க, நீங்களே பண்ணுங்க பிரமு அக்கா, உங்க முதல் கஸ்டமர்" என்கிறது மிஸ். அதற்கும் என்னை நேராகப் பார்க்க முடியவில்லை, புதுக் கையுறைப் பெட்டியைத் தானே பிரித்துக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போகிறது. வந்து உட்காருகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும், போனைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டுகிறாள். நல்ல கை, ஒரு கோடு இல்லாத கை. நீங்க புதுசாக்கா என்று கேட்கிறாள். சர்டிஃபிகேட் வாங்கினவங்க என்று எங்கேயோ இருந்து ஒரு பிள்ளை சொல்கிறாள். நான் கையுறையைப் போடுகிறேன், உள்ளே போகும்போது ஒவ்வொரு விரலும் தனித்தனியாக என்னிடம் வேணுமா என்று கேட்கிறது. பாட்டிலை எடுக்கிறேன். மூடி இறுகிக் கிடக்கிறது. திருகுகிறேன், நகரவில்லை, இன்னொரு தடவை. இது இப்படியே திறக்காமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன், இன்றைக்கு இது திறக்காது, வேறு நாள் வாங்கம்மா என்று சொல்லிவிடலாம், யார் மேலும் குற்றமில்லை. நினைத்து முடிப்பதற்குள் திறந்துவிடுகிறது.